சுவிட்சில் மல்டிகாஸ்ட் ரவுட்டிங்: 40 சேனலை அடுத்த கட்டடத்துக்குக் கொண்டுபோகும் வழி

ஒரு விடுதி. 200 டிவி, 40 சேனல், சேனலுக்கு 6 எம்பிபிஎஸ். ஒவ்வொரு டிவிக்கும் தனித்தனி ஸ்ட்ரீம் அனுப்பினால் 1,200 எம்பிபிஎஸ் ஆகிவிடும்; இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் 1 ஜிபிபிஎஸ் ஃபைபர் தாங்காது. மல்டிகாஸ்ட்டில், அதாவது கேட்பவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஸ்ட்ரீமை அனுப்பும் முறையில், எத்தனை டிவி பார்த்தாலும் அந்த ஃபைபரில் ஒரு சேனல் ஒரே தடவைதான் போகும். 40 சேனலையும் யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால்கூட மொத்தம் 240 எம்பிபிஎஸ்தான்.

இந்த அமைப்பையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். முதல் கட்டடத்தில் கோர் சுவிட்ச். அதில் விலான் 10 (விலான் என்பது சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), ஸ்ட்ரீம் அனுப்பும் சர்வர் 10.10.10.5. இரண்டாவது கட்டடத்தில் ஒரு டிஸ்ட்ரிப்யூஷன் சுவிட்ச். அதில் விலான் 20, டிவிகளின் முகவரி 10.20.0.0/22. இரண்டுக்கும் நடுவே 10.0.0.0/30 என்ற ரவுட்டட் லிங்க். கோர் பக்கம் 10.0.0.1, டிஸ்ட்ரிப்யூஷன் பக்கம் 10.0.0.2. யூனிகாஸ்ட் (ஒருவர் ஒருவருக்கு அனுப்பும் சாதாரணப் போக்குவரத்து) ரவுட்டிங்குக்கு ஓஎஸ்பிஎஃப், அதாவது சுவிட்சுகள் பாதைகளைத் தங்களுக்குள் அறிவித்துக்கொள்ளும் நெறிமுறை. டிவிகள் தொங்குவது டிஸ்ட்ரிப்யூஷனுக்குக் கீழே உள்ள சாதாரண லேயர் 2 ஆக்சஸ் சுவிட்சுகளில். கட்டளைகள் சிஸ்கோ கேட்டலிஸ்ட் வகையில் ஓடும் ஐஓஎஸ் எக்ஸ்இ முறைப்படி. இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம், சுவிட்சில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். வேறு கம்பெனி சுவிட்சில் கட்டளை மாறும், வேலை மாறாது.

தொடங்குமுன் இரண்டு சோதனை. டிவி விலானிலிருந்து 10.10.10.5-க்குப் பிங் போக வேண்டும். மல்டிகாஸ்ட் தன் பாதையை யூனிகாஸ்ட் ரவுட்டிங் டேபிளிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அது சரியில்லாமல் இங்கே எதுவும் சரியாகாது. அடுத்தது லைசென்ஸ். பல சுவிட்சுகளில் அடிப்படை லைசென்ஸில் முழு பிம் (சுவிட்சுகள் தங்களுக்குள் மல்டிகாஸ்ட்டைக் கேட்டு வாங்கும் நெறிமுறை) கிடைக்காது, ஸ்டப் என்ற குறைந்த வகை மட்டும்தான் கிடைக்கும். கட்டளையே எடுக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

குரூப் முகவரி: எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் ஒரு குரூப் முகவரி; டிவி அதைச் சொல்லித்தான் சேனலைக் கேட்கும். இந்த மல்டிகாஸ்ட் முகவரிகள் 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை. அதில் 224.0.0.0/24 ரவுட்டிங் நெறிமுறைகளுக்கு ஒதுக்கியது. எந்த ரவுட்டரும் அதை அடுத்த நெட்வொர்க்குக்கு அனுப்பாது. 232.0.0.0/8 சோர்ஸைக் குறிப்பிட்டுக் கேட்கும் எஸ்எஸ்எம் முறைக்கு. உள் நெட்வொர்க்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது 239.0.0.0/8.

அதிலும் கண்ணை மூடிக்கொண்டு 239.0.0.1 என்று ஆரம்பித்துவிடக் கூடாது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. குரூப் முகவரியின் கடைசி 23 பிட் மட்டுமே மேக் முகவரிக்குள் (சுவிட்ச் பார்க்கும் ஹார்ட்வேர் முகவரி) போகிறது. முன்னால் 01-00-5இ என்பது நிரந்தரம். 239.10.1.5 எப்படி மாறுகிறது என்று பாருங்கள்: முதல் எண் 239 அப்படியே கழன்றுவிடும். இரண்டாவது எண்ணான 10-இல் மேல் பிட் மட்டும் கழன்றுவிடும்; அது ஏற்கெனவே பூஜ்யம்தான், ஆகவே ஹெக்ஸில் 0ஏ. பிறகு 01, 05. கிடைப்பது 01-00-5இ-0ஏ-01-05. இப்போது 239.138.1.5-ஐப் போட்டுப் பாருங்கள். 138-இலிருந்து மேல் பிட்டின் 128 போனால் 10. அதே மேக். இப்படி 32 குரூப் முகவரிகள் ஒரே மேக்கைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

239.0.0.5 என்று எடுத்தால் அது 224.0.0.5-இன் மேக்கோடு மோதும். அது ஓஎஸ்பிஎஃப் ஹலோ போகும் முகவரி. 224.0.0 தொகுதியின் மேக்குகளை சுவிட்ச் ஸ்னூப்பிங்குக்கு (யார் கேட்டார் என்று பார்த்து அனுப்பும் ஏற்பாடு) உட்படுத்தாமல் எல்லாப் போர்ட்டுக்கும் கொட்டும். மேக்கைப் பார்த்து முடிவெடுக்கும் சுவிட்சில் உங்கள் வீடியோவும் அதோடு சேர்ந்து கொட்டும். ஆகவே 239.0.0 என்றும் 239.128.0 என்றும் தொடங்குபவை வேண்டாம். நம் உதாரணத்துக்கு 239.10.1.1 முதல் 239.10.1.40 வரை, சேனலுக்கு ஒன்று. யூடிபி போர்ட் எண்ணை மட்டும் மாற்றி ஒரே குரூப்பில் இரண்டு சேனல் அனுப்பும் வேலையும் வேண்டாம். சுவிட்ச் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை; ஒன்றைக் கேட்ட டிவிக்கு இரண்டும் போய்ச் சேரும்.

லேயர் 2: ஸ்னூப்பிங்கும் குவெரியரும்

டிவி ஒரு சேனலைக் கேட்கும்போது ஐஜிஎம்பி ரிப்போர்ட் ஒன்றை அனுப்புகிறது. ஆக்சஸ் சுவிட்ச் அதை ஒட்டுக்கேட்டு, எந்தப் போர்ட்டில் எந்த குரூப் வேண்டும் என்று எழுதிவைத்துக்கொள்கிறது. இதுதான் ஸ்னூப்பிங். சிஸ்கோவில் இது முன்கூட்டியே ஆன்; சில கம்பெனி சுவிட்சுகளில் விலான் விலானாக நாம்தான் ஆன் செய்ய வேண்டும். ஆஃபாக இருந்தால் பார்க்கப்படும் எல்லா சேனலும் எல்லாப் போர்ட்டுக்கும் பாயும். 240 எம்பிபிஎஸ் வெள்ளம் 100 எம்பிபிஎஸ் டிவி போர்ட்டுக்குள் நுழைந்தால் ஒரு சேனலும் தெரியாது.

எழுதிவைத்த பதிவு நிரந்தரமல்ல. யாராவது அவ்வப்போது 'இன்னும் வேண்டுமா?' என்று கேட்க வேண்டும், டிவி 'வேண்டும்' என்று பதில் சொல்ல வேண்டும். கேட்பவர்தான் குவெரியர். அவர் இல்லாத நெட்வொர்க்கை அடையாளம் காண்பது எளிது: டிவி போட்டவுடன் படம் அழகாக வரும், நாலு நிமிடம் கழித்து அப்படியே உறையும். சேனலை மாற்றித் திரும்பினால் மறுபடி நாலு நிமிடம். தரநிலைக் கணக்கு இதுதான்: 125 விநாடிக்கு ஒரு கேள்வி, இரண்டு சுற்றுக்கு 250, பதிலுக்கு 10, மொத்தம் 260 விநாடி. யாரும் கேட்காததால் டிவி பதில் சொல்லவில்லை, சுவிட்ச் பதிவை அழித்துவிட்டது. இந்த அறிகுறியைப் பார்த்ததும் டிவியையோ சர்வரையோ குறை சொல்லிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

நம் டிவி விலானில் அடுத்த கட்டத்தில் பிம் போடப்போகிறோம். பிம் போட்ட இன்டர்ஃபேஸ் தானாகவே குவெரியர் வேலையையும் செய்யும். தனியாக ஒன்றும் வேண்டாம். ரவுட்டிங்கே இல்லாத, கேமராவும் ரெக்கார்டரும் மட்டும் உள்ள விலானாக இருந்தால்தான் இது தேவை:

ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குவெரியர்
ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குவெரியர் அட்ரஸ் 10.30.0.2

இரண்டு குவெரியர் இருந்தால் சிறிய ஐபி உள்ளது ஜெயிக்கும். எந்த சுவிட்சில் போடுவது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். குவெரியர் இருக்கும் திசையை மற்ற சுவிட்சுகள் ரவுட்டர் போர்ட் என்று எடுத்துக்கொண்டு, அந்த விலானின் எல்லா மல்டிகாஸ்ட்டையும், யாரும் கேட்காவிட்டாலும், அந்தப் பக்கம் தள்ளும். 64 கேமரா, ஆளுக்கு 4 எம்பிபிஎஸ் என்றால் 256 எம்பிபிஎஸ் குவெரியரை நோக்கி ஓடும். ஏதோ மூலையில் இருக்கும் எட்டுப் போர்ட் சுவிட்சில் அதைப் போட்டால் அதன் அப்லிங்க் மூச்சுத் திணறும். கோரில் போடுங்கள்.

லேயர் 3: மூன்று இடத்திலும் பிம்

கோரிலும் டிஸ்ட்ரிப்யூஷனிலும் முதலில்:

ஐபி மல்டிகாஸ்ட்-ரவுட்டிங்

பழைய 3560, 3750 வகைகளில் இதன் கடைசியில் 'டிஸ்ட்ரிப்யூட்டட்' என்ற சொல் சேர வேண்டும்.

பிறகு பிம். சோர்ஸ் இருக்கும் விலான், டிவி இருக்கும் விலான், நடுவே உள்ள லிங்க்கின் இரு முனை, இந்த எல்லாவற்றிலும். கோரில் லூப்பேக் என்ற, எந்தப் போர்ட்டையும் சாராத உள் இன்டர்ஃபேஸிலும் வேண்டும்; அது எதற்கு என்று பின்னால் வரும். கோரில்:

இன்டர்ஃபேஸ் லூப்பேக் 0
 ஐபி அட்ரஸ் 10.255.0.1 255.255.255.255
 ஐபி பிம் ஸ்பார்ஸ்-மோட்
இன்டர்ஃபேஸ் விலான் 10
 ஐபி பிம் ஸ்பார்ஸ்-மோட்
இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 1/0/24
 ஐபி பிம் ஸ்பார்ஸ்-மோட்

டிஸ்ட்ரிப்யூஷனில் விலான் 20-க்கும் அதன் 1/0/24-க்கும் அதே வரி. நடு லிங்க் ரவுட்டட் போர்ட்டாக இல்லாமல், பல விலான்களைச் சுமக்கும் டிரங்க்காக இருந்து, ரவுட்டிங் ஏதோ ஒரு விலான் இன்டர்ஃபேஸ் வழியாக நடந்தால், பிம் போக வேண்டியது அந்த விலான் இன்டர்ஃபேஸில். அதிகமாக விட்டுப்போவது சோர்ஸ் பக்க விலான். 'சர்வர் அனுப்பத்தானே செய்கிறது, அங்கே எதற்கு' என்று தோன்றும். பிம் இல்லாத இன்டர்ஃபேஸில் வரும் மல்டிகாஸ்ட்டை சுவிட்ச் ரவுட் செய்வதற்காக எடுத்துப் பார்க்கவே செய்யாது.

இந்த இடத்தில் நிறுத்தி, 'ஷோ ஐபி பிம் நெய்பர்' தட்டுங்கள். கோரில் 10.0.0.2-வும் டிஸ்ட்ரிப்யூஷனில் 10.0.0.1-ம் தெரிய வேண்டும். ஹலோ 30 விநாடிக்கு ஒரு முறை போவதால் அரை நிமிடம் பொறுக்கலாம். அதற்கு மேலும் வரவில்லை என்றால் ஒரு முனையில் பிம் இல்லை, அல்லது அந்த இன்டர்ஃபேஸில் உள்ள ஆக்சஸ் லிஸ்ட் 224.0.0.13-ஐத் தடுக்கிறது. நெய்பர் வராமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

ஆர்பி: சந்திக்கும் இடம்

ஸ்பார்ஸ் மோடில் (கேட்ட இடத்துக்கு மட்டும் அனுப்பும் பிம் வகை) டிவிக்கு சோர்ஸ் யார் என்று தெரியாது, குரூப் எண் மட்டும்தான் தெரியும். சோர்ஸுக்கும் பார்ப்பவர் யார் என்று தெரியாது. இரண்டு பக்கமும் வந்து விசாரிக்கும் பொது இடம் ரான்டேவூ பாயின்ட், சுருக்கமாக ஆர்பி. அதைச் சோர்ஸுக்குப் பக்கத்து சுவிட்சில், அதாவது கோரின் லூப்பேக்கில் வைத்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும். சோர்ஸும் ஆர்பியும் வேறு வேறு சுவிட்சில் இருந்தால் முதல் பேக்கெட்டுகளைப் பொட்டலம் கட்டி ஆர்பிக்கு அனுப்பும் ரெஜிஸ்டர் கட்டம் ஒன்று நடுவில் வரும். பிரச்சினை தேட ஓர் இடம் கூடிவிடும்.

இரண்டு சுவிட்சிலும் ஒரே வரி:

ஐபி பிம் ஆர்பி-அட்ரஸ் 10.255.0.1

ஆர்பியாக இருக்கும் கோரிலும் இதைப் போட வேண்டும். 'அதுவேதான் ஆர்பி, அதற்கு யார் சொல்ல வேண்டும்' என்று விட்டுவிட்டால் கோருக்குத் தான்தான் ஆர்பி என்பது தெரியாது. லூப்பேக்கில் பிம் இருக்க வேண்டும், 10.255.0.1 ஓஎஸ்பிஎஃப்பில் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். டிஸ்ட்ரிப்யூஷனிலிருந்து அதைப் பிங் செய்து பாருங்கள். பிறகு 'ஷோ ஐபி பிம் ஆர்பி மேப்பிங்'. ஆர்பியைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறைகள் உண்டு. நாலைந்து சுவிட்ச் வரை கையால் போடுவதே நல்லது. தவறு நடந்தால் எங்கே என்று கண்ணுக்குத் தெரியும்.

டிவியை நம்பாமல் சோதிப்பது

முதல் சோதனையை இரண்டு லினக்ஸ் மடிக்கணினியில் ஐபெர்ஃப் 2-ஐ வைத்துச் செய்யுங்கள். ஐபெர்ஃப் 3 வேண்டாம், அதில் மல்டிகாஸ்ட் கிடையாது. விலான் 20-இல் உள்ள கணினியில் சர்வர் மோட், யூடிபி, பெரிய எழுத்து 'பி' போட்டு 239.10.1.7. விலான் 10-இல் உள்ள கணினியில் கிளையன்ட் மோட், அதே குரூப், யூடிபி, 4 எம்பிபிஎஸ், கூடவே பெரிய எழுத்து 'டி' போட்டு 16. அந்த 16-தான் டிடிஎல், பேக்கெட் தாண்டக்கூடிய ரவுட்டர்களுக்கான வரம்பு. அதை விட்டால் ஐபெர்ஃப் 1 என்று வைத்துக்கொள்ளும். முதல் ரவுட்டரிலேயே பேக்கெட் செத்துவிடும். மல்டிகாஸ்ட்டில் 'ஒரே விலானில் வருகிறது, அடுத்த விலானுக்குப் போகவில்லை' என்ற புகாருக்கு டிடிஎல் பெரிய காரணம். பல மென்பொருள்களும் கேமராக்களும் 1 என்ற மதிப்போடு வருகின்றன. சுவிட்சில் ஒரு நாள் முழுக்கத் தேடினாலும் தப்பு கிடைக்காது, ஏனென்றால் அது சுவிட்சில் இல்லை.

கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்தால் இன்னொரு சிக்கல். குரூப்பைக் கேட்கும் ரிப்போர்ட் டிஃபால்ட் ரூட் உள்ள கார்டு வழியாகப் போய்விடும், பெரும்பாலும் வைஃபை. வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். ஃபயர்வாலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் கணினி இல்லையென்றால் டிஸ்ட்ரிப்யூஷனின் விலான் 20-இல் 'ஐபி ஐஜிஎம்பி ஸ்டாட்டிக்-குரூப் 239.10.1.7' போட்டு ஸ்ட்ரீமை வலுவில் இழுக்கலாம். 'ஜாயின்-குரூப்' என்ற இன்னொரு கட்டளையும் உண்டு. அது பிங்குக்குப் பதில் சொல்லும் என்பதால் பார்க்க வசதி. ஆனால் அந்த குரூப்பின் பேக்கெட் எல்லாம் சுவிட்சின் சிபியூவுக்குப் போகும். 6 எம்பிபிஎஸ் வீடியோ ஓடும் குரூப்பில் அதைப் போட்டு மறந்துவிடாதீர்கள்.

எம்ரூட் டேபிளைப் படிப்பது

படம் வரவில்லை என்றால் டிவி பக்கத்திலிருந்து தொடங்கி சோர்ஸை நோக்கி நடக்க வேண்டும். கேட்பது அந்தத் திசையில்தான் போகிறது.

ஆக்சஸ் சுவிட்சில் 'ஷோ ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குரூப்ஸ்': டிவியின் போர்ட் அந்த குரூப்பில் இருக்கிறதா? 'ஷோ ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் எம்ரவுட்டர்': டிஸ்ட்ரிப்யூஷன் பக்க அப்லிங்க் இருக்கிறதா? அது இல்லையென்றால் டிவியின் ரிப்போர்ட் மேலே போகவே இல்லை. டிஸ்ட்ரிப்யூஷனில் 'ஷோ ஐபி ஐஜிஎம்பி குரூப்ஸ்': விலான் 20-க்கு 239.10.1.7 இருக்கிறதா? இதுவரை சரி என்றால் அங்கேயே 'ஷோ ஐபி எம்ரூட் 239.10.1.7'.

இதுதான் மல்டிகாஸ்ட் ரவுட்டிங் டேபிள்; இரண்டு பதிவு தெரியும். நட்சத்திரக் குறியோடு தொடங்குவது ஆர்பி வழி மரம். 10.10.10.5 என்று சோர்ஸோடு தொடங்குவது நேரடி மரம். நேரடிப் பதிவில் பார்க்க வேண்டியது மூன்றே: உள்ளே வரும் இன்டர்ஃபேஸ் 1/0/24, ஆர்பிஎஃப் நெய்பர் (சோர்ஸை நோக்கிய அடுத்த ரவுட்டர்) 10.0.0.1, வெளியே போகும் பட்டியலில் விலான் 20. கோரில் அதே பதிவுக்கு உள்ளே வருவது விலான் 10, வெளியே போவது 1/0/24. அங்கே ஆர்பிஎஃப் நெய்பர் 0.0.0.0 என்று இருக்கும். பதற வேண்டாம், சோர்ஸ் நேரடியாக அதே சுவிட்சில் இருக்கிறது என்பதுதான் அர்த்தம்.

நட்சத்திரப் பதிவு மட்டும் இருந்து சோர்ஸ் பதிவு வரவில்லையா? கேட்பவர் இருக்கிறார், சோர்ஸ் வந்து சேரவில்லை. கோரில் போய்ப் பாருங்கள்: விலான் 10-இல் பிம் உண்டா, சர்வர் உண்மையில் அனுப்புகிறதா, டிடிஎல் எவ்வளவு. கோரில் சோர்ஸ் பதிவு இருந்தும் வெளியே போகும் பட்டியல் 'நல்' என்று இருந்தால், டிஸ்ட்ரிப்யூஷனின் கோரிக்கை வந்து சேரவில்லை: பிம் நெய்பர் அல்லது ஆர்பி முகவரி தப்பு. பதிவுகள் எல்லாம் சரி, படம் மட்டும் இல்லை என்றால் 'ஷோ ஐபி எம்ரூட் கவுன்ட்'. அதில் ஆர்பிஎஃப் ஃபெயில்ட் என்ற எண் ஏறிக்கொண்டே போனால் காரணம் கிடைத்துவிட்டது.

ஆர்பிஎஃப்: பிங் போகும், படம் வராது

யூனிகாஸ்ட் ரவுட்டிங் பேக்கெட் எங்கே போக வேண்டும் என்று பார்க்கும். மல்டிகாஸ்ட் ரவுட்டிங் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கும். 10.10.10.5-க்கு நான் பதில் அனுப்பினால் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக அனுப்புவேனோ, அதே வழியாக வந்திருக்கிறதா? வேறு வழியாக வந்திருந்தால் தூக்கி எறிந்துவிடும். சுழல் உண்டாகாமல் காக்கும் ஏற்பாடு இது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க் ஒரு நாள் நின்றுபோகும் கதை பெரும்பாலும் இங்கேதான். இரு கட்டடத்துக்கும் நடுவே புதிதாக 10 ஜிபிபிஎஸ் ஃபைபர் ஒன்று போடுகிறார்கள். ஓஎஸ்பிஎஃப் சேர்த்து, காஸ்ட் குறைவாக வைத்தாயிற்று. யூனிகாஸ்ட் எல்லாம் புதுப் பாதைக்கு மாறிவிட்டது, பிங் பிரமாதம். புது இன்டர்ஃபேஸில் பிம் போடவில்லை. டிஸ்ட்ரிப்யூஷனின் கணக்கில் இப்போது சோர்ஸ் இருப்பது புது ஃபைபர் பக்கம். அங்கே கோரிக்கையை வாங்கிக்கொள்ள பிம் நெய்பர் யாரும் இல்லை. 200 டிவியும் கறுப்பு. 'ஷோ ஐபி ஆர்பிஎஃப் 10.10.10.5' தட்டி, அது காட்டும் இன்டர்ஃபேஸையும் பிம் நெய்பர் பட்டியலையும் ஒப்பிட்டால் ஒரு நிமிட வேலை. ஓஎஸ்பிஎஃப் ஓடும் எந்த லிங்க்கிலும் பிம்மும் ஓட வேண்டும் என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு வரும் தொல்லைகள்

சாயங்காலம் ஆனால் எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறதா? சுவிட்சுகளுக்கு நடுவே சுழல் வராமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீயைச் சந்தேகியுங்கள். டிவியை ஆன் ஆஃப் செய்யும்போது போர்ட் மேலும் கீழும் போகிறது. அந்தப் போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் (கீழே சுவிட்ச் இல்லை, டிவி போன்ற கடைசிச் சாதனம்தான் என்று சொல்லும் அமைப்பு) இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் டோபாலஜி மாறியதாக அறிவிப்பு கிளம்பும். அப்போது சுவிட்ச், எந்தப் போர்ட்டில் யார் என்று மறுபடி தெரியும்வரை, மல்டிகாஸ்ட்டை எல்லாப் போர்ட்டுக்கும் கொட்டும். சிஸ்கோவில் இரண்டு குவெரி வரும்வரை. விருந்தினர்கள் அறைக்குத் திரும்பும் நேரத்தில் அது தொடர் வெள்ளம். டிவி போர்ட் எல்லாவற்றிலும் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் தீரும்.

ஒரு அறையில் சேனல் மாற்றினால் பக்கத்து அறையில் படம் நிற்கிறது என்றால், 'இமீடியட் லீவ்' போட்ட போர்ட்டின் கீழே யாரோ ஐந்து போர்ட் மலிவு சுவிட்ச் ஒன்றைச் செருகி இரண்டு டிவியை இணைத்திருக்கிறார்கள். ஒரு டிவி விலகியதும் விசாரிக்காமலேயே போர்ட்டை அடைப்பதுதான் அந்தக் கட்டளையின் வேலை. அது இல்லாமலும் ஐஜிஎம்பி பதிப்பு 2-இல் பழைய சேனல் நிற்க ஏறக்குறைய இரண்டு விநாடிதான் ஆகும். அந்த நேரத்துக்குள் வேகமாக மூன்று சேனல் தாண்டினாலும் 18 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் போர்ட்டுக்கு இது ஒன்றுமில்லை. பெரும்பாலான இடத்தில் இந்தக் கட்டளையே தேவையில்லை.

போர்ட்டில் வெள்ளத்தைத் தடுக்கும் ஸ்டார்ம் கன்ட்ரோலில் மல்டிகாஸ்ட் வரம்பு வைத்திருந்தால் வீடியோவையும் அது வெட்டும். சர்வர் போர்ட்டிலும் அப்லிங்க்கிலும் அந்த வரம்பை 240 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் இடம்விட்டு வையுங்கள்.

வைஃபையில் இந்த ஸ்ட்ரீமை அனுப்பும் ஆசை வேண்டாம். மல்டிகாஸ்ட் பேக்கெட் அங்கே குறைந்த வேகத்தில், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை இல்லாமல் போகும். ஒரே சேனல் போதும், அந்த ரேடியோவில் மற்றவர்கள் வேலை செய்ய முடியாது. கட்டாயம் வேண்டுமென்றால் ஆக்சஸ் பாயின்ட்டில் மல்டிகாஸ்ட்டை யூனிகாஸ்ட்டாக மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, எம்ரூட் டேபிளைத் திறந்தால் நீங்கள் அனுப்பவே செய்யாத 239.255.255.250 முன்னால் வந்து நிற்கும். விண்டோஸ் கணினிகளும் பிரிண்டர்களும் ஒன்றையொன்று தேடப் பயன்படுத்தும் எஸ்எஸ்டிபி அது. ஊழியர்களின் மடிக்கணினி இருக்கும் விலானில் பிம் போட்டால் ஆளுக்கொரு சோர்ஸ் பதிவாக இது பெருகி, அளவுள்ள ஹார்ட்வேர் டேபிளைத் தின்னும். அந்த விலானுக்கு டிவி ஸ்ட்ரீம் தேவையில்லை என்றால் பிம் போடாமல் விடுங்கள். தேவை என்றால் 239.10.0.0/16-ஐ மட்டும் அனுமதிக்கும் ஆக்சஸ் லிஸ்ட் எழுதி, விலான் இன்டர்ஃபேஸில் 'ஐபி மல்டிகாஸ்ட் பவுண்டரி' என்று கட்டிவிடுங்கள். போட்ட பிறகு டேபிளை ஒரு தடவை துடைக்க 'கிளியர் ஐபி எம்ரூட்'. ஆனால் அதோடு நட்சத்திரக் குறியைச் சேர்த்தால் ஓடும் சேனலும் ஒரு கணம் அறுபடும். கிரிக்கெட் நடக்கும் நேரத்தில் வேண்டாம்.